சிரட்டைத் தணலிற் சமைத்தல்

தேங்காய் துருவாத நாள் இலங்கையின் வீடுகளில் அரிது. நாட்டின் ஆண்டு விளைவு ஏறத்தாழ 250 கோடி முதல் 300 கோடி வரையிலான காய்களாகும். குருணாகல், புத்தளம், கம்பஹா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய தென்னை முக்கோணத்திலேயே அவற்றின் பெரும்பகுதி விளைகின்றது. விளைந்த காய்களிற் பெரும்பங்கு வீட்டுச் சமையலுக்குச் செலவாகின்றது. பாலும் துருவலும் கறிச்சட்டிக்குச் செல்கின்றன. பொச்சு தும்புக்கும் கயிற்றுக்கும் உதவுகின்றது. சிரட்டையோ பல வளவுகளில் வேலியோரக் குப்பையாய்க் கிடக்கின்றது.

நாளொன்றுக்கு ஒரு காய் உடைக்கும் குடும்பம் ஒன்றைக் கணக்கிற்கு எடுத்துக்கொள்க. ஆண்டு முடிவில் 365 காய்களின் சிரட்டை, அதாவது 730 பாதிகள், அவ்வீட்டிற் சேரும். ஒரு காயின் உலர்ந்த சிரட்டையை 120 கிராம் எனக் குறைத்து மதித்தாலும், மொத்த நிறை 43 கிலோகிராமுக்கு மேற்படும். இது விலை கொடாமல் வீட்டிற்கு வந்து சேரும் எரிபொருள். கவனியாது எறிந்துவிட்டால் அதே 730 பாதிகளும் மழைநீர் தேங்கும் 730 கிண்ணங்களாகிவிடும். டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு, முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைவதற்கு 7 முதல் 10 நாள்களே போதும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். ஆகவே சிரட்டையைச் சேர்த்து, உலர்த்தி, கூரையின் கீழ் அடுக்கிவைத்தல் சிக்கனம் மாத்திரமன்று, வீட்டாரின் உயிர்க்காப்புமாகும்.

எரிபொருளை எவ்விதம் பேணுதல் வேண்டும் என்பதை 2022 ஆம் ஆண்டு பலருக்கும் உணர்த்தியது. அவ்வாண்டிற் சமையல் வாயு கிடைப்பது அரிதாகியபோது, நகரங்களிலும் விறகும் கரியும் தேடப்பட்டன. கிராமங்களில் விறகடுப்பு என்றும் அணைந்ததில்லை. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி, நாட்டின் வீடுகளுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகைக் கொண்டே சமைத்தன. எனினும் தீயை நாடோறும் கையாளுவோர் எல்லாரும் அதனை நன்கு ஆளுகின்றனர் என்று கூறமுடியாது. எப்பொருளைச் சுவாலையிற் சமைப்பது, எதனைத் தணலிற் சமைப்பது, அத்தணலை எங்கே வைப்பது என்னும் மூன்றையும் அறிந்தவருக்கே சிரட்டை முழுப் பயனைத் தரும்.

சுவாலையும் தணலும்

விறகோ சிரட்டையோ தீப்பற்றும்போது முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியேறுகின்றது. வெப்பம் 200 பாகை செல்சியசைக் கடந்ததும், அதன் பொருள் சிதைந்து பலவகை வாயுக்களும் தார் ஆவியும் எழுகின்றன. இவ்வாயுக்கள் காற்றிற் கலந்து எரிவதே சுவாலை. அவை முழுமையாக எரியாவிடத்துப் புகையாகின்றன. சட்டியின் அடியிற் படியும் கரி, கண்ணை எரிக்கும் புகை, உணவிற் பற்றும் கசப்பு ஆகிய யாவும் இவ்விதம் எரியாது தப்பியவற்றின் விளைவுகளே.

வாயுக்கள் யாவும் நீங்கியபின் எஞ்சி நிற்பது பெரும்பாலும் காபன். அது சுவாலையின்றிச் செந்நிறமாய்க் கனன்று எரிகின்றது. இதுவே தணல். தணலின் வெப்பம் பெரும்பாலும் கதிராக வீசுகின்றது. ஆதலால் அதன் முன் வைக்கப்பட்ட பொருளை ஒரே சீராகச் சூடாக்குகின்றது. சுவாலை காற்றுக்கேற்ப ஆடும், எழும், விழும். தணல் அவ்விதம் அலைவதில்லை. சுட்டு உண்ணும் பண்டங்களுக்குத் தணலே உகந்தது என்று முன்னோர் கண்டதன் காரணம் இதுவாகும்.

தென்னஞ் சிரட்டை தணலுக்கு மிகவும் ஏற்றது. மரக்கட்டையைக் காட்டிலும் அது அடர்த்தி கூடியது. இலிக்னின் என்னும் பொருள் அதில் மிகுதியாக உண்டு. ஆகையால் அதன் கரி இறுகியதாகவும், நெடுநேரம் கனல்வதாகவும், சாம்பல் குறைந்ததாகவும் இருக்கின்றது. பனை வளம் மிக்க வடபகுதியில் ஊமலும் இதனையொத்த நற்கரியைத் தரும். பூரானை எடுத்தபின் எஞ்சும் ஊமலை வீசாது உலர்த்திவைத்தல் நன்று.

எதனை எரிப்பது, எதனைக் கரியாக்குவது

கரி சிறந்தது என்பதனால் எல்லாச் சிரட்டையையும் கரியாக்கிவிடுதல் அறிவுடைமையாகாது. 100 கிலோகிராம் உலர்ந்த சிரட்டையிலிருந்து 25 முதல் 30 கிலோகிராம் வரையிலான கரியே கிடைக்கும். ஒரு கிலோகிராம் கரி, அதே நிறையுடைய சிரட்டையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வெப்பம் தரும். இரண்டையும் பெருக்கிப் பார்ப்பின், சிரட்டையிலிருந்த வெப்பத்திற் பாதிக்கு மேற்பட்டது கரியாக்கும்போதே புகையுடன் போய்விடுவது விளங்கும்.

எனவே சோறு, கிழங்கு, பருப்பு முதலியவற்றை அவிப்பதற்குச் சிரட்டையை அவ்வண்ணமே அடுப்பிலிட்டு எரித்தல் வேண்டும். இதற்கு மூன்று கற்களை வைத்த திறந்த அடுப்பைக் காட்டிலும், தீயைச் சுற்றி மறைப்புடைய மண்ணடுப்பு மேலானது. 1980களில் இந்நாட்டில் ஆக்கப்பட்ட ‘அனகி’ அடுப்பு அத்தகையது. ஒரே வாயில் இடப்படும் விறகைக் கொண்டு இரு பானைகளைச் சூடாக்கும் இவ்வடுப்பு, எரிபொருளையும் புகையையும் குறைக்கின்றது. அப்பம், சுட்ட மீன், சுட்ட காய் முதலிய, தணலை வேண்டி நிற்கும் பண்டங்களுக்கு மாத்திரம் கரியைச் செலவிடுதல் போதும். கரிக்காக வளரும் மரத்தை வெட்டுதல் எக்காலத்தும் தகாது.

செலவின்றிக் கரி சேர்க்கும் வழி

சிறு குடும்பத்தினர் கரிக்கெனத் தனியே தீ மூட்டவேண்டியதில்லை. சமையல் முடிந்ததும் பல வீடுகளில் அடுப்பிலுள்ள தணல் வீணே எரிந்து சாம்பலாகின்றது. அல்லது நீர் தெளித்து அணைக்கப்படுகின்றது. இத்தணலையே கரியாகச் சேமிக்கலாம்.

இறுகிய மூடியுடைய பழைய இரும்புச் சட்டியொன்றை அடுப்புக்கு அருகில் வைத்துக்கொள்க. சோறு வெந்து, சுவாலை தணிந்து, புகை நின்று, சிரட்டை செந்தணலாய் இருக்கும்போது, அதனை இடுக்கியால் எடுத்துச் சட்டியிலிட்டு உடனே மூடிவிடுதல் வேண்டும். மூடியின் விளிம்பிற் குழைத்த களிமண்ணைப் பூசினால் காற்று உட்புகாது. காற்றில்லையேல் தணல் சிறிது நேரத்தில் அணைந்து, கரியாக நின்றுவிடும். சட்டியை வீட்டின் வெளியே, கிடுகு வேலிக்கும் விறகுக் குவியலுக்கும் தொலைவாக வைத்து, நன்கு ஆறிய பின்னரே திறத்தல் வேண்டும். நாள்தோறும் ஒரு கைப்பிடி சேர்ந்தாலும், வாரமுடிவில் ஓர் அப்பச்சட்டிக்கு வேண்டிய கரி கையிலிருக்கும்.

பீப்பாய் முறை

தேங்காய் மிகுதியாக உடைக்கப்படும் இடங்களிலும், அயலவர் பலர் ஒன்றுசேர்ந்து கரி ஆக்க விரும்புமிடத்தும், 200 லீற்றர் கொள்ளளவுடைய இரும்புப் பீப்பாய் ஒன்று ஏற்றதாகும். கிருமிநாசினியோ வேறு இரசாயனப் பொருளோ இருந்த பீப்பாயை ஒருபோதும் உபயோகித்தலாகாது. எரிபொருள் இருந்த பீப்பாயாயின், உள்ளே எஞ்சிய ஆவி தீப்பொறி பட்டதும் வெடிக்கக்கூடும். ஆகவே நன்கு கழுவி ஆவி நீக்காத எதனையும் வெட்டவோ துளைக்கவோ முற்படலாகாது.

பீப்பாயின் மேற்றட்டை வெட்டி மூடியாக்குக. பக்கத்திற் கீழ், நடு, மேல் என மூன்று வரிசைகளில் ஏறத்தாழ 2.5 சென்றிமீற்றர் விட்டமுடைய துளைகளை இடுக. முதலிற் கீழ்வரிசையை மாத்திரம் திறந்துவைத்து, ஏனைய இரண்டையும் களிமண்ணால் அடைத்தல் வேண்டும். அடியிற் பன்னாடை, காய்ந்த ஓலை முதலியவற்றைக் கொண்டு தீ மூட்டி, சிறிதளவு சிரட்டையை இடுக. அது நன்கு பற்றியபின் மேலும் மேலும் சிரட்டையைச் சேர்த்துவருக. தீ நடுவரிசைக்கு ஏறியதும், நடுத்துளைகளைத் திறந்து கீழ்த்துளைகளை அடைத்துவிடுதல் வேண்டும். மேல்வரிசைக்கு ஏறியதும் அவ்வாறே செய்க. கீழுள்ள கரி காற்றுப்பட்டுச் சாம்பலாகாதிருத்தற்கே இவ்வேற்பாடு.

தொடக்கத்தில் எழும் தடித்த வெண்புகையிற் பெரும்பகுதி நீராவியாகும். பின்னர் அது மஞ்சள் சார்ந்த கடும் புகையாக மாறும். இறுதியிற் புகை மெலிந்து, நீலச் சாயல் பெறும். அந்நிலையில் எல்லாத் துளைகளையும் அடைத்து, மூடியை இட்டு, விளிம்பை ஈரக் களிமண்ணாற் பூசிவிடுதல் வேண்டும். மறுநாட் காலைவரை பீப்பாயைத் திறத்தலாகாது. அவசரப்பட்டுத் திறப்பின், உள்ளே மறைந்திருக்கும் வெப்பம் காற்றுக் கிடைத்ததும் மீண்டும் தீயாக எழும். ஒரு நாள் உழைப்பு சில நிமிடத்திற் சாம்பலாகும்.

இவ்வேலையைக் குடியிருப்புக்குத் தொலைவாக, காற்று வீடுகளை நோக்கி வீசாத பக்கத்திற் செய்தல் வேண்டும். எடுத்த கரியையும் உடனே வீட்டினுள் வைத்தலாகாது. புதுக்கரி காற்றிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சித் தானாகவே சூடேறக்கூடும். ஆகையால் ஒரு முழு நாள் வெளியிற் பரப்பிவைத்துப் பின்னரே சாக்கில் இடுதல் பாதுகாப்பானது.

நற்கரியின் அடையாளம்

நன்றாக வெந்த சிரட்டைக் கரி முழுவதும் கருநிறமாக இருக்கும். உடைத்த முகம் பளபளக்கும். கல்லின் மேற் போட்டால் உலோகம்போல ஒலிக்கும். விளிம்பு பழுப்பாகவும், ஒலி மந்தமாகவும் இருப்பின் அது அரைவேக்காடு, எரிக்கும்போது புகையும். தொட்டதும் பொடியாவது அளவு கடந்து எரிந்தது. தும்பு நீக்கப்பட்ட, முற்றிய, நன்கு உலர்ந்த சிரட்டையே நற்கரி தரும். விற்பனைக்காகக் கரி ஆக்குவோர் மண்ணும் மணலும் கலவாது பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். சிரட்டைக் கரியிலிருந்தே நீரையும் வாயுவையும் தூய்மையாக்கும் ஏவப்பட்ட காபன் ஆக்கப்படுகின்றது. முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடிகளுக்கு உதவிய இப்பொருள், இன்று இலங்கையின் ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்றாக விளங்குகின்றது.

தணலில் ஏற்றும் முறை

கரியை மூட்டுவதற்கு மண்ணெண்ணெயோ பெற்றோலோ ஊற்றுதல் பெருந்தவறு. உணவில் அதன் நாற்றம் பற்றுவதோடு, உடையிலும் தீ தாவும். காய்ந்த ஓலைத் துண்டுகளையும் சிறு சுள்ளிகளையும் அடியில் வைத்து, கரியைக் கூம்பாகக் குவித்து மூட்டுதல் போதும். கரியின் மேல் மெல்லிய வெண்சாம்பற் போர்வை படரும்வரை காத்திருத்தல் வேண்டும். அதற்கு முன் உணவை வைப்போர் புகையையே உணவிற் சேர்க்கின்றனர்.

வெப்பத்தை அறியக் கையே கருவி. உணவு வைக்கப்படும் உயரத்தில் உள்ளங்கையை நீட்டிப் பார்க்கலாம். இரண்டு மூன்று விநாடிகளிற் கையை எடுக்கவேண்டி நேர்ந்தால் அது கடுந்தணல். நான்கைந்து விநாடி பொறுக்க முடியுமாயின் நடுத்தணல். அதற்கு மேலும் பொறுக்குமாயின் இளந்தணல். மீனும் சோளப்பொத்தியும் நடுத்தணலில் வேகும். வற்றாளங்கிழங்கை இளந்தணலில், சூடான சாம்பலிற் புதைத்துச் சுடுதல் வேண்டும். கடுந்தணலில் இட்டால் தோல் கருகும், உள்ளே வேகாது.

தணலின் பயனை முழுமையாகக் காட்டுவது அப்பம். புளித்த அரிசிமாக் கரைசலை அப்பச்சட்டியில் ஊற்றிச் சுழற்றியதும், கீழுள்ள தணல் ஓரத்தை மொறுமொறுப்பாக்குகின்றது. மூடியின் மேல் இடப்பட்ட தணல் நடுப்பகுதியை மேலிருந்து வேகச் செய்கின்றது. பாலப்பத்தின் நடுவில் ஊற்றிய தடித்த பாலும் இவ்வாறே கருகாது இறுகுகின்றது. மேலும் கீழும் ஒரே வேளையில் சூடேற்றும் அடுப்பு ஒன்றை, மூடியொன்றும் சிரட்டைத் தணலும் கொண்டே ஆக்கிக்கொண்ட அறிவு போற்றத்தக்கது.

கத்தரிக்காயை முழுதாகத் தணலில் வைத்து, தோல் கருகி உட்சதை குழையும்வரை திருப்பிச் சுடுதல் வேண்டும். கருகிய தோலை முற்றாக உரித்து, சதையைப் பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பால், தேசிக்காய்ப் புளி சேர்த்தால் சுவைமிக்க சம்பலாகும். பனம்பழத்தையும் இவ்வாறு தணலிற் சுட்டு உண்பது வடபகுதி வழக்கம்.

மீனையும் இறைச்சியையும் சுடும்போது கவனம் மிகுதியாக வேண்டும். கொழுப்பு உருகித் தணலில் விழுந்தால் புகையெழும். அப்புகையிலும், கருகிய பாகத்திலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் உள்ளன. ஆகவே தணலை ஒருபுறம் ஒதுக்கி, உணவை அதன் நேர்மேலின்றிச் சற்று விலக்கி வைத்தல் நன்று. மீனை வாழையிலையிற் சுற்றிச் சுடுதலும் நல்ல முறையே. கருகிய பாகத்தை வெட்டி அகற்றுதல் வேண்டும். அதே வேளை, கருகும் என்றஞ்சி அரைவேக்காட்டில் இறக்குதலும் ஆகாது. இறைச்சியின் நடுப்பகுதியும் குறைந்தது 70 பாகை செல்சியசு வெப்பத்தை அடைதல் வேண்டும். பச்சை இறைச்சி வைத்த தட்டிலே சுட்ட இறைச்சியை மீண்டும் வைத்தலாகாது.

மரவள்ளிக் கிழங்கைத் தணலிற் சுட்டு உண்ணும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். அக்கிழங்கில் சயனைட்டு நஞ்சைத் தரும் பொருள் உண்டு. முழுக்கிழங்கைச் சுடும்போது அந்நஞ்சு வெளியேறுதற்கு வழி குறைவு. தோலை நீக்கி, சிறு துண்டுகளாக்கி, மிகுந்த நீரில் மூடாத பாத்திரத்தில் அவித்து, அந்நீரை வடித்து ஊற்றிவிடுதலே தக்க முறையாகும். கசக்கும் கிழங்கை எம்முறையிலும் உண்ணலாகாது.

புகையும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சும்

உலக சுகாதாரத் தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2020 ஆம் ஆண்டில் வீட்டினுட் சேரும் அடுப்புப்புகை முதலியவற்றின் காரணமாக உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர். சிறுவரின் நியுமோனியா, முதியோரின் நெடுங்கால நுரையீரல் நோய், இருதய நோய் ஆகியவற்றுக்கு இப்புகை காரணமாகின்றது. அடுப்பங்கரையில் அதிக நேரம் நிற்கும் பெண்களும், அவர்களது இடுப்பிலும் மடியிலும் இருக்கும் குழந்தைகளுமே முதலிற் பாதிக்கப்படுவர். புகைபோக்கி, உயரத்தில் அமைந்த சாளரம், உலர்ந்த விறகு ஆகிய மூன்றும் எந்த அடுப்பங்கரைக்கும் இன்றியமையாதவை.

புகையில்லாத தணலில் ஆபத்தில்லை என்று கருதுதல் மிகப் பெரும் தவறாகும். காற்றுக் குறைந்தவிடத்துக் கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, அது கண்ணை எரிப்பதுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் இவ்வாயுவைப் பற்றிக்கொள்கின்றது. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு என்பன இதன் அறிகுறிகள். உறங்குவோர் இவற்றையும் உணராமலே இறந்துவிடுவர்.

ஆகையாற் கரியடுப்பைப் படுக்கையறையிலும், கதவு சாளரம் மூடிய எவ்விடத்திலும் வைத்தலாகாது. மலைநாட்டுக் குளிரிலும் மழைக்காலத்திலும் கணகணப்புக்காகத் தணற்சட்டியை அறையினுள் வைத்து உறங்குதல் உயிருக்கே கேடு. சமையல் முடிந்து சாம்பல் மூடிய தணலும் பல மணி நேரம் இவ்வாயுவை வெளியிடும் என்பதை மறத்தலாகாது. கரியடுப்புக்கு உரிய இடம் முற்றமும் திறந்த தாழ்வாரமுமே. எவரேனும் மயங்கினால், உடனே கதவுகளைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, தாமதியாது வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

சாம்பலும் கரித்தூளும்

எரிந்து முடிந்த சாம்பலும் தோட்டத்திற்கு உதவும். தென்னையின் பாகங்களை எரித்த சாம்பலிற் பொற்றாசியம் உண்டு. அதனைக் கூட்டெருவுடன் சிறிது சிறிதாகக் கலந்து இடலாம். சாம்பல் காரத்தன்மையுடையது, ஆகவே யூரியா, அமோனியம் சல்பேற்று ஆகிய பசளைகளுடன் சேர்த்து இட்டால் நைதரசன் அமோனியா வாயுவாகி வீணாகும். உலர்ந்த, சலித்த சாம்பலை விதைக்காக வைக்கும் பயறு, கௌபி முதலியவற்றுடன் கலந்துவைத்தால் வண்டுகளின் தாக்குதல் குறையும். கரித்துண்டுகள் ஓர்க்கிட்டுச் செடிகளின் சாடிகளுக்கு ஏற்றவை. இவை யாவற்றையும் முற்றாக ஆறிய பின்னரே எடுத்தல் வேண்டும். சாம்பலினுள் மறைந்த தணல் மறுநாளும் அணையாதிருக்கக்கூடும். அதனை மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் வைத்திருந்து, நீர் தெளித்துக் கிளறிய பின்னர் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லுதல் நன்று.

வீட்டார் இன்றே செய்யத்தக்கவை சிலவே. வளவிற் கிடக்கும் சிரட்டைகளைப் பொறுக்கி நீரைக் கவிழ்த்தல், அவற்றை வெயிலில் உலர்த்திக் கூரையின் கீழ் அடுக்குதல், அடுப்புக்கு அருகில் மூடியுள்ள சட்டியொன்றை வைத்தல், கரியடுப்பை முற்றத்திற்குக் கொணர்தல் ஆகிய நான்கும் பணச் செலவின்றிச் செய்யக்கூடியவை. இவை நாள்தோறும் கைக்கொள்ளப்படும் வீட்டில் எரிபொருளுக்கான செலவு குறையும், நுளம்புக்கு இடமிராது, அடுப்பருகே நிற்பவரின் மூச்சும் காக்கப்படும்.